இயற்கை நிலை காட்டில் இல்லை: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இளங்கலை மாணவர்களுக்குத் தமிழ் வழியில் அரசியல் கோட்பாடு கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். பாடத்திட்டத்தை மறுசீரமைக்கும் பணி தங்கள் முன் இருக்கும் இந்த வேளையில், ஹாப்ஸ், லாக், ரூசோ என்னும் ஐரோப்பியச் சிந்தனையாளர்களைக் கற்பிக்கும் ‘சமூக ஒப்பந்தக் கோட்பாடு’ (மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து அரசு பிறந்தது என்ற கருத்து) என்னும் அலகில் வரும் ‘இயற்கை நிலை’ என்ற ஒரே ஒரு கருத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஒரு தலைப்புக்காக இவ்வளவு நீண்ட மடலா என்று தோன்றலாம். அரசு எதற்காக இருக்கிறது, அதற்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும், எந்த எல்லையில் அந்தக் கீழ்ப்படிதல் முடிகிறது ஆகிய கேள்விகள் வேர் விட்டிருப்பது இந்தத் தலைப்பில்தான். அதைத் தவறாகக் கற்றுவிட்டால் பின்னால் வரும் இறையாண்மையும் உரிமையும் சுதந்திரமும் மனப்பாடச் சொற்களாகவே நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் பணியில் கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ‘இயற்கை நிலை என்றால் என்ன?’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு மாணவர், ‘ஆதி மனிதன் குகைகளிலும் காடுகளிலும் வேட்டையாடி வாழ்ந்த காலமே இயற்கை நிலை, ஹாப்ஸ் அதைக் கொடியது என்றார், லாக் அமைதியானது என்றார், ரூசோ இன்பமானது என்றார்’ என்று எழுதியிருந்தார். எங்களுக்குத் தரப்பட்டிருந்த விடைக்குறிப்பும் ஏறத்தாழ அதுவே என்பதால் ஐந்துக்கு ஐந்து போட வேண்டியிருந்தது. அதே கட்டில் இன்னொரு தாள். ‘அப்படி ஒரு காலம் இருந்ததா என்பது முக்கியம் இல்லை. அரசை எடுத்துவிட்டால் நமக்குள் என்ன நடக்கும் என்று கேட்டுப் பார்ப்பதுதான் இயற்கை நிலை. என்ன பதில் வருகிறதோ அதை வைத்து அரசுக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்று முடிவு செய்கிறார்கள்’ என்று அடித்தலும் திருத்தலுமாக மூன்று வாக்கியங்கள். அவற்றில் எந்த அறிஞரின் பெயரும் இல்லை. விடைக்குறிப்பின்படி ஒன்றரை மதிப்பெண்தான் தேறியது. பாடம் புரிந்திருந்தது அந்த இரண்டாவது மாணவருக்குத்தான். அந்த ஒன்றரை மதிப்பெண்ணை என் கையாலேயே சிவப்பு மையில் எழுதினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

குழப்பத்தில் பாதி சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. ‘இயற்கை’ என்றவுடன் நமக்கு மரமும் மலையும் அருவியும்தான் நினைவுக்கு வருகின்றன. இயற்கை எழில், இயற்கை வேளாண்மை, இயற்கைச் சீற்றம் என்று அன்றாடம் புழங்கும் சொல் அது. கரும்பலகையில் ‘இயற்கை நிலை’ என்று எழுதிய கணமே மாணவர் மனத்தில் காடு வளர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘இயல்பு நிலை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது சிக்கலை இன்னும் பெரிதாக்கும். கலவரம் ஓய்ந்து, ஊரடங்கு தளர்ந்து, கடைகள் திறந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கும்போது நம் செய்தித்தாள்கள் ‘இயல்பு நிலை திரும்பியது’ என்று எழுதுகின்றன. காவல் நிலையமும் நீதிமன்றமும் வழக்கம்போல் வேலை செய்கிற நிலைதான் தமிழில் இயல்பு நிலை. ஹாப்ஸ் பேசியதோ அவை எதுவுமே இல்லாத நிலை. ஆகவே வழக்கில் இருக்கும் சொல்லையே வைத்துக்கொண்டு, அதன் எதிர்ச்சொல்லைப் பக்கத்தில் நிறுத்துவதே நல்லது என்று நினைக்கிறேன். இயற்கைக்கு எதிர் செயற்கை. செய்யப்பட்டது எதுவோ அது செயற்கை. ‘லெவியதான்’ என்ற தம் நூலின் முன்னுரையிலேயே ஹாப்ஸ் அரசை மனிதர் செய்த ஒரு செயற்கை மனிதன் என்கிறார். அரசு என்பது வானத்திலிருந்து இறங்கியதோ குருதி வழியாக வந்ததோ அன்று, மனிதர் செய்த பொருள் என்று ஒத்துக்கொண்டால், ‘எதற்காகச் செய்தார்கள், செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்வியின் பெயர்தான் இயற்கை நிலை. இவ்வளவையும் பாடநூலில் ஒரே பத்தியில் சொல்லிவிட முடியும். அந்தப் பத்தி இப்போது இல்லை.

தாமஸ் ஹாப்ஸ் 1588-இல், ஸ்பெயினின் பெருங்கடற்படை இங்கிலாந்தைத் தாக்க வருகிறது என்ற அச்சம் பரவியிருந்த நாள்களில் பிறந்தவர். தம் தாய் தம்மையும் அச்சத்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றார் என்று முதுமையில் செய்யுளாகவே எழுதிவைத்தார். 1629-இல் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் போர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கொர்சைரா தீவில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது சொற்களின் பொருளே தலைகீழானதையும், கண்மூடித்தனம் வீரம் என்றும் நிதானம் கோழைத்தனம் என்றும் பெயர் பெற்றதையும் அந்த வரலாறு விவரிக்கிறது. 1640-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் முற்றியபோது ஹாப்ஸ் பாரிசுக்குத் தப்பி, பதினொரு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1642-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. 1651-இல் ‘லெவியதான்’ வெளிவந்தது. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும், குகை மனிதனுக்கும் ஹாப்ஸுக்கும் தொடர்பில்லை என்பது தெரிந்துவிடும். அவருடைய இயற்கை நிலை ஆதி காலத்திலிருந்து வந்ததன்று. தம் கண்முன்னே சிதறிய ஓர் அரசிலிருந்து வந்தது. அவரைப் பொறுத்தவரை நாம் எப்போதோ கடந்து வந்துவிட்ட இடமாக அது இல்லை, எந்த நாளும் போய் விழக்கூடிய பள்ளமாக இருந்தது.

அந்த நூலின் 13-ஆம் அதிகாரம் அச்சில் சில பக்கங்களே. அதை மாணவர் கையில் நேரடியாகக் கொடுத்தால் விடைக்குறிப்பில் இருக்கும் ‘மனிதன் இயற்கையிலேயே கொடியவன் என்றார் ஹாப்ஸ்’ என்ற வரி நிற்காது. ஏனென்றால், தாம் மனித இயற்கையைக் குற்றம் சாட்டவில்லை என்றும், மனிதரின் ஆசைகளும் உணர்ச்சிகளும் தம்மளவில் பாவம் அல்ல என்றும் அந்த அதிகாரத்திலேயே அவர் சொல்கிறார். உலகம் முழுவதும் அப்படி ஒரு காலம் இருந்ததாகத் தாம் கருதவில்லை என்றும் சொல்கிறார். அவருடைய வாதம் நுட்பமானது. மிக வலியவனைக்கூட மிக மெலியவன் தூக்கத்திலோ கூட்டுச் சேர்ந்தோ கொன்றுவிட முடியும் என்ற அளவில் மனிதர் சமமானவர்கள். சமமானவர்கள் ஒரே பொருளை விரும்புகிறார்கள். அடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அதற்கு எவரும் எனக்கு உறுதி தரவில்லை. உறுதி இல்லாத இடத்தில் முந்திக்கொள்வது அறிவுடைமை ஆகிவிடுகிறது. நான் முந்திக்கொள்ளக்கூடும் என்று அடுத்தவருக்கும் தெரியும். போட்டி, ஐயம், பெருமிதம் என்று அவர் சொல்லும் மூன்று காரணங்களில் நடுவில் இருக்கும் ஐயம்தான் அச்சாணி. போர் என்பது நடக்கும் சண்டை மட்டும் அன்று. இரண்டு மழை பெய்துவிட்டதால் மட்டும் அது கெட்ட பருவம் ஆகிவிடாது, பல நாள் தொடர்ந்து வானம் மூட்டமாகவே இருப்பதுதான் கெட்ட பருவம் என்று ஓர் உவமை சொல்கிறார். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

அதே அதிகாரத்தில் பூட்டைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய். சட்டமும் அதிகாரிகளும் இருக்கும்போதே இப்படிச் செய்கிறாயே, உன் ஊராரையும் உன் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று வாசகரைக் கேட்கிறார். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதியைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, இன்று காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் யார் என்று கேட்பேன். பெரும்பாலான கைகள் உயரும். ஓராண்டு, கடைசி வரிசையில் ஒரு மாணவர் எழுந்து, “எங்க வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது சார். ஆனா கண்மாயில தண்ணி குறைஞ்சா எங்க அப்பா ராத்திரி முழுக்க வயல்லதான் இருப்பாரு” என்றார். பூட்டாத வீடும் இரவெல்லாம் காவல் காக்கும் வயலும் ஒரே ஊரில், ஒரே மனிதரிடம். மனிதர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. எந்தப் பொருளில் போட்டி இருக்கிறது, எங்கே உறுதி இருக்கிறது, எங்கே இல்லை என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஹாப்ஸ் கேட்டதும் அதையேதான். வகுப்பு அன்று அதைத் தானே கண்டுபிடித்தது.

அந்த மாணவரே அடுத்த வகுப்புக்கும் வழி திறந்தார். “அப்புறம் எப்படி வெட்டுக்குத்து நடக்காம இருக்கு?” என்று இன்னொருவர் கேட்க, தங்கள் ஊரில் நீர்பாய்ச்சி இருக்கிறார் என்றார். கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்கு நெல் அளக்கப்படும். அவரிடம் சீருடையும் இல்லை, லத்தியும் இல்லை. ஜான் லாக் எழுதிய ‘ஆட்சி பற்றிய இரண்டாம் ஆய்வுரை’யின் 9-ஆம் அதிகாரத்தை இதைவிட நன்றாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. லாக்கின் இயற்கை நிலையில் சுதந்திரம் உண்டு, ஆனால் மனம்போன போக்கு இல்லை. பிறர் உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யக்கூடாது என்ற இயற்கைச் சட்டம் அங்கேயும் இருக்கிறது. இல்லாதவை மூன்று: எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்ட நிலையான சட்டம், சார்பற்ற நடுவர், தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் தன் பக்கம் சாய்வார் என்பதே லாக்கின் கவலை. தன் வயலுக்குத் தானே மடை திறப்பவரைப் பற்றி அந்த ஊர் கொண்டிருக்கும் கவலையும் அதுதான்.

ஹாப்ஸின் விடையை லாக் ஏன் ஏற்கவில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். மரநாய்க்கும் நரிக்கும் அஞ்சி, சிங்கம் விழுங்குவதைப் பாதுகாப்பு என்று எண்ணும் அளவுக்கு மனிதர் மூடர்களா என்று அவர் கேட்கிறார். வரம்பற்ற மன்னர் தம் குடிகளோடு ஏற்படும் வழக்கில் தாமே நீதிபதியாக இருக்கிறார். அப்படியானால் அவர் இன்னும் இயற்கை நிலையில்தான் இருக்கிறார் என்பது லாக்கின் வாதம். மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நேரம் தங்க வேண்டும். இயற்கை நிலை காட்டில் மட்டும் இல்லை, அரண்மனையிலும் இருக்கக்கூடும் என்று 1689-இல் ஒருவர் பெயர் போடாமல் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார். ஹாப்ஸிடமும் எல்லை இல்லாமல் இல்லை. காப்பாற்றும் வலிமை ஆள்பவருக்கு இருக்கும்வரைதான் குடிகளின் கடமை, அதற்குமேல் இல்லை என்று 21-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அரசு இல்லாவிட்டால் எது இழப்பு என்று ஒருவர் கருதுகிறாரோ, அதைக் கொடுக்கும்வரைதான் அவர் கண்ணில் அரசுக்குத் தகுதி. உயிரச்சம் என்றார் ஹாப்ஸ். சார்பற்ற நீதி இன்மை என்றார் லாக். இந்த இணைப்பைத்தான் ‘கொடியது, அமைதியானது, இன்பமானது’ என்ற பாடநூலின் மூன்று கட்ட அட்டவணை அறுத்துவிடுகிறது.

ரூசோவுக்குப் பாடநூல் செய்யும் அநீதி எல்லாவற்றிலும் பெரிது. காட்டுக்குத் திரும்பச் சொன்னவர் என்ற சித்திரம் அவரைக் கேலி செய்தவர்களிடமிருந்து வந்தது. அவருடைய நூலைப் படித்ததும் நான்கு கால்களில் நடக்கத் தோன்றுகிறது என்று 1755-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எழுதிய கடிதத்துக்கு அதில் பங்கு உண்டு. ‘உன்னதக் காட்டு மனிதன்’ என்ற தொடர் ரூசோவின் எழுத்தில் எங்கும் இல்லை. அவருக்கு முன்பே ஆங்கிலத்தில் டிரைடன் எழுதிய நாடகத்தில் வருவது அது. பிரான்சின் திஜோன் நகர அறிஞர் கழகம் மனிதரிடையே சமத்துவமின்மையின் தோற்றம் பற்றிக் கட்டுரைப் போட்டி அறிவித்தபோது, 1753 நவம்பரில் ரூசோ சேன் ஜெர்மேன் காட்டுக்குச் சென்று நாள்கணக்கில் அலைந்து சிந்தித்தார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. போட்டிக்காக எழுதப்பட்டு 1755-இல் வெளியான அந்த நூலின் முன்னுரையில், இப்போது இல்லாத, ஒருவேளை எப்போதுமே இருந்திராத, இனியும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு நிலையைப் பற்றித் தாம் பேசுவதாகவும், நம் இன்றைய நிலையைச் சரியாக எடைபோட அதைப் பற்றிய தெளிவு தேவை என்றும் சொல்கிறார். ஹாப்ஸ் மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டு இன்றைக்கும் கூர்மையானது: சமூகத்தில் வளர்ந்த மனிதனின் பெருமிதத்தையும் பொறாமையையும் எடுத்து இயற்கை மனிதன் மேல் ஏற்றிவிட்டு, ‘பாருங்கள், மனிதன் இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் என்று நீங்கள் சொல்வது, வேலி போட்டவர்கள் வேலி இல்லாதவர்களிடம் வாங்கிய கையெழுத்து என்பதே ரூசோவின் வழக்கு.

இதைச் சொன்ன பிறகு வகுப்பு மறுபடியும் நீர்பாய்ச்சியிடம் திரும்பியது. அந்த வேலை அவருக்கு எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டார். பரம்பரையாக, ஒரே சாதிக்கு, என்று பதில் வந்தது. பல ஊர்களில் வழக்கம் அதுதான். அவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லை. ‘நிலம் இல்லாததால்தான் சார்பு இல்லாமல் பாய்ச்சுகிறார்’ என்று லாக்கின் பக்கம் நின்ற மாணவரும், ‘அவருக்கு நிலம் ஏன் இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?’ என்று ரூசோவின் பக்கம் நின்ற மாணவியும் பேசிக்கொண்ட அந்த இருபது நிமிடங்களில் நான் குறுக்கே வரவில்லை. லாக்கின் நூலிலேயே, என் வேலையாள் வெட்டிய புல்கரணை என் உழைப்பால் என் சொத்தானது என்று ஒரு வரி உண்டு. வெட்டியது வேலையாள், உழைப்பு எப்படி இவருடையதாகும் என்று அந்த மாணவியே அடுத்த வாரம் கேட்டார். கரோல் பேட்மேன் 1988-இலும் சார்லஸ் மில்ஸ் 1997-இலும் எழுதிய விமர்சனங்களின் கதவு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் பேசியவர்களின் அவையில் பெண்கள் எங்கே இருந்தார்கள், அடிமையாக்கப்பட்டவர்கள் எங்கே இருந்தார்கள் என்று அவ்விருவரும் கேட்டார்கள்.

இப்போது, இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். வகுப்பில் புழக்கத்தில் இருந்த ஒரு வழிகாட்டி நூலில், ‘இன்றும் சில பழங்குடியினர் இயற்கை நிலையில் வாழ்கின்றனர்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த அன்று மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருவர் வகுப்பு முடிந்த பின் என்னிடம் வந்து, “சார், அப்ப நாங்க இயற்கை நிலையா?” என்று கேட்டார். அவருடைய ஊரில் மூப்பன் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, தண்டம் இருக்கிறது, எந்தக் குடும்பம் எந்தச் சரிவில் பயிரிடலாம் என்ற வரையறை இருக்கிறது. இவ்வளவும் இருக்கும் ஊரை அரசற்ற காடாகக் காட்டும் வரியைப் பாடமாகப் படிக்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருந்தோம்.

அந்த வரி எங்கோ தவறிப்போய் வந்துவிட்டதில்லை. மூல நூல்களிலேயே அதன் வித்து இருக்கிறது. தம் வாதத்துக்குச் சான்றாக அமெரிக்காவின் பல இடங்களில் வாழும் ‘காட்டு மக்களை’ ஹாப்ஸ் சுட்டுகிறார். தொடக்கத்தில் உலகம் முழுவதும் அமெரிக்காவாகவே இருந்தது என்று லாக் எழுதுகிறார். அங்கே பரந்த நிலத்தின் அரசன் இங்கிலாந்தின் கூலியாளைவிட மோசமாக உண்டு உடுத்தி வாழ்கிறான் என்கிறார். அதே லாக் அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். 1669-இல் அந்தக் குடியேற்றத்துக்கு எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம், கறுப்பின அடிமைகள் மீது உரிமையாளருக்கு முழு அதிகாரம் தந்தது. அதை எழுதுவதில் லாக்கின் கை எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அந்தப் பணியில் அவர் இருந்தார் என்பதில் ஐயம் இல்லை. உழாத நிலம் உரிமையற்ற நிலம், அரசர் அவை தெரியாத மக்கள் சட்டமற்ற மக்கள் என்ற எண்ணம் பல கண்டங்களில் நிலப்பறிப்புக்கு நியாயம் கொடுத்தது. லாக்கின் நூல் ஒன்றே காரணம் என்பது மிகை. நூல் அதற்குத் துணை போனது என்பது மிகையன்று. ஆஸ்திரேலியாவில் 1788-இல் தொடங்கிய குடியேற்றம், அங்கே முன்பிருந்த மக்களின் நில உரிமையைச் சட்டத்தின் கண்ணில் இல்லாததாகவே நடத்தியது. டோரஸ் நீரிணையின் மேர் தீவில் தலைமுறை தலைமுறையாக எல்லை வகுத்துத் தோட்டம் பயிரிட்ட மெரியம் மக்களுக்காக எடி மாபோவும் அவரோடு நின்றவர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்றுதான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தப் பார்வையைத் தள்ளியது. மாபோ அந்தத் தீர்ப்பைக் காணவில்லை; அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டார்.

ஆகவே ‘இயற்கை நிலை ஒரு காலம்’ என்று கற்பிப்பதை வெறும் பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது காலம் என்றால், அந்தக் காலத்தில் இன்னும் தங்கிவிட்டவர்கள் என்று சிலரைச் சுட்டிக் காட்டும் வேலை உடனே தொடங்கிவிடுகிறது. ஒரு கேள்வி என்றால் அந்த விரல் ஆள்பவரை நோக்கித் திரும்புகிறது.

நம் பக்கத்து நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இந்தியச் சிந்தனை’ என்ற அலகில் கௌடில்யரைத் தனியே வைத்து, ‘மச்ச நியாயம் என்பது ஹாப்ஸின் இயற்கை நிலையை ஒத்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலையில் துன்புற்ற மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கும் சரக்கில் பத்தில் ஒரு பங்கும் தர இசைந்தார்கள் என்ற கதை அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணம், 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்தக் கதையைச் சொல்வது யார் என்று பாடநூல் சொல்வதில்லை. அரசனின் ஒற்றர்கள் சொல்கிறார்கள். நீர்த்துறைகளிலும் அவைகளிலும் மக்கள் கூடும் இடங்களிலும் இரண்டு ஒற்றர்கள் வாக்குவாதம் செய்வதுபோல் நடிக்க வேண்டும். ஒருவன், அரசன் வரியாலும் தண்டத்தாலும் மக்களை வாட்டுகிறான் என்று பேச, மற்றவன் இந்தக் கதையைச் சொல்லி அவனை மறுக்க வேண்டும். வரி கொடுப்பதை நியாயப்படுத்த அரசே ஊருக்குள் பரப்பிவிடும் கதையாக அது அங்கே நிற்கிறது.

இதன் பக்கத்தில் பாலி மொழிப் பௌத்த நூல் தொகுப்பான திக நிகாயத்தின் 27-ஆம் சூத்திரமான அக்கஞ்ஞ சூத்திரத்தை வைத்துப் படித்தால் வகுப்பறையின் நிறமே மாறிவிடும். உமியில்லாமல் விளைந்த நெல்லை மனிதர் சேர்த்து வைக்கத் தொடங்கியதும் அது பழையபடி விளையாமல் போகிறது; நிலத்தைப் பங்கிட்டு எல்லை கட்டுகிறார்கள்; ஒருவன் அடுத்தவன் பங்கைத் திருடுகிறான்; பழிச்சொல்லும் பொய்யும் தண்டனையும் வருகின்றன; முடிவில் எல்லோரும் கூடித் தங்களில் தகுதியான ஒருவரிடம், சினக்க வேண்டியவர் மேல் நீங்கள் சினம் கொள்ளுங்கள், உங்களுக்கு எங்கள் நெல்லில் பங்கு தருகிறோம் என்று சொல்லி மகாசம்மதர், அதாவது எல்லோரும் ஏற்றுக்கொண்டவர், என்று பெயரிடுகிறார்கள். பிரமனின் வாயில் பிறந்ததால் தாங்களே உயர்ந்தவர்கள் என்று சொல்வோரின் வாதத்தை உடைப்பதற்காகப் புத்தர் சொல்வதாக அமைந்த கதை இது. ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளில் ஒன்று வரியைக் காக்கிறது, மற்றொன்று பிறப்பால் வரும் உயர்வை மறுக்கிறது. நெல்லில் பங்கு பெறும் மகாசம்மதரைப் படித்த அன்று, நீர்பாய்ச்சியைப் பற்றி முதலில் சொன்ன அந்த மாணவரின் முகத்தைப் பார்த்தேன். தன் ஊர்க் கண்மாய்க்கரை ஒரு பழைய நூலில் இருப்பதைக் கண்ட முகம் அது.

ஒப்பந்தமே நடக்கவில்லையே என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748-இல் ஒரு கட்டுரையில் அதைத்தான் கேட்டார்: தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் தளத்திலேயே நிற்கிறான் என்பதற்காகத் தலைவனின் அதிகாரத்துக்கு இசைந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? இந்தக் கட்டுரைக்கு இப்போதைய பாடத்திட்டத்தில் இடமே இல்லை. 1971-இல் ஜான் ரால்ஸ் இயற்கை நிலையின் இடத்தில் ‘தொடக்க நிலை’யை வைத்து, நீ எந்த வீட்டில் பிறப்பாய் என்று தெரியாமல் விதிகளைத் தேர்ந்தெடு என்று சொன்னது, இந்த ஐயங்களோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். இப்போது அவர் இன்னொரு பருவத்தில், இன்னொரு தாளில், தனியே நிற்கிறார்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிய மாற்றம் அன்று. அலகின் மணிக்கணக்கைக் கூட்ட வேண்டாம். மூன்று கட்ட அட்டவணையை எடுத்துவிட்டு, ‘லெவியதான்’ 13-ஆம் அதிகாரம், லாக்கின் 2-ஆம், 9-ஆம் அதிகாரங்களிலிருந்து தேர்ந்த பகுதிகள், ரூசோவின் முன்னுரை, அர்த்தசாஸ்திரத்தின் அந்த ஒரு பகுதி, அக்கஞ்ஞ சூத்திரத்தின் பிற்பகுதி ஆகியவற்றைத் தமிழில் மூலப் பாடங்களாகச் சேர்க்க வேண்டும் என்பது முதல் வேண்டுகோள். ஆங்கில வழி மாணவர் விரும்பினால் நூலகத்தில் மூலத்தைத் தொட முடியும்; தமிழ் வழி மாணவருக்கு வழிகாட்டி நூலின் சுருக்கம் ஒன்றே உலகம் என்று ஆகிவிடுவது நியாயம் இல்லை. பழங்குடி மக்களை எடுத்துக்காட்டாகச் சுட்டும் வரி எந்தப் பாடப் பொருளிலும் இனி இருக்கக் கூடாது. அது எப்படி வந்தது என்ற வரலாறு இருக்க வேண்டும். வினாத்தாளிலும் ‘இயற்கை நிலை என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘அரசு இல்லாவிட்டால் எது குறையும் என்று லாக் கருதினார், அதனால் அரசின் அதிகாரத்துக்கு என்ன எல்லை வந்தது?’ என்பது போன்ற கேள்விகள் வர வேண்டும். விடைக்குறிப்பில் பெயர்களுக்குத் தனி மதிப்பெண்ணும் வாதத்துக்குத் தனி மதிப்பெண்ணும் ஒதுக்கினால், எங்களைப் போன்ற திருத்துநர்கள் அந்த ஒன்றரை மதிப்பெண்ணை மறுபடியும் எழுத வேண்டியிருக்காது.

மேலே சொன்ன பகுதிகளில் ஹாப்ஸ், லாக் இருவருடையவற்றையும் என் வகுப்புக்காகத் தமிழாக்கம் செய்து, ஐந்து ஆண்டுகளாக மாணவர்களோடு படித்துத் திருத்தி வைத்திருக்கிறேன். குழு விரும்பினால் எந்த உரிமையும் கோராமல் அளிக்க ஆயத்தமாக உள்ளேன். பாலியும் வடமொழியும் அறிந்த ஆசிரியர்கள் நம் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். அர்த்தசாஸ்திரம், அக்கஞ்ஞ சூத்திரம் ஆகியவற்றின் பகுதிகளை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இந்தத் தலைப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், மலைக்கிராமத்து மாணவி கேட்ட கேள்வியையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்